போலந்துப் பெட்டிகள்

வியாழக்கிழமை காலை லோடிங் பகுதியில் போலந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அங்கே இருக்க வேண்டியவை ஹாம்பர்க் பெட்டிகள்.

நான் கீழே அதிகம் போவதில்லை. என் மேஜை மாடியில். என் வேலை கப்பல். எந்த வாரம், எந்தக் கப்பல், எந்த வழி. தைப்பது, மடிப்பது, பெட்டி போடுவது எல்லாம் என் மனைவி சுபாவின் பொறுப்பாக இருந்தது. அவள் போன பிறகு அவள் தம்பி பிரதீப் பார்க்கிறான். அன்று பெங்களூரிலிருந்து பையரின் ஆள் வருவதாக இருந்ததால் இறங்கினேன்.

பையர் என்பது ஹாம்பர்க்கில் குழந்தைகள் உடுப்பு விற்கும் ஒரு கம்பெனி. அவர்களுடைய பெங்களூர் ஆபீசில் அனகா என்றொரு பெண். சரக்கு வந்து சேர்வதற்குள் எவ்வளவு எரிபொருள் புகை வெளியாகிறது என்று பார்ப்பது அவர் வேலை. எங்கள் வழியை மற்ற சப்ளையர்களுக்கும் காட்டப்போவதாக எழுதியிருந்தார். அதற்கு என் மனைவியின் பெயரையே வைக்கலாமா என்றும் கேட்டிருந்தார். சுபஸ்ரீ வழி. மாமனார் அந்தச் செய்தியை எல்லோருக்கும் போனில் அனுப்பினார். குன்னத்தூரில் இருக்கும் என் அப்பாவுக்கும் வந்தது. மாமனார் வீட்டோடு போய் இருந்துகொண்டேன் என்று என்னிடம் சரியாகப் பேசாதவர், அன்று கூப்பிட்டார்.

வழி என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குத் துணி போக இரண்டு வகைதான். ஒன்று ஷிப். இன்னொன்று ஏர். ஏர் என்பது இங்கே கெட்ட வார்த்தை. ஆர்டர் தாமதமாகிக் கப்பலை விட்டுவிட்டால், எக்ஸ்போர்ட்டர் தன் கைக்காசில் விமானத்தில் அனுப்பியாக வேண்டும். ஏர் அடித்த ஆளிடம் அந்த மாதம் யாரும் கடன் கேட்க மாட்டார்கள். விமானத்தில் போகும் சட்டைக்கான புகை, கப்பலில் போகும் சட்டைக்கானதைப் போலப் பல மடங்கு.

கப்பலுக்குக் கப்பலும் வித்தியாசம் உண்டு. சென்னையில் ஒரு கப்பல் கம்பெனியின் வழித்திட்டப் பிரிவில் இருந்தபோது நான் கற்றது அது ஒன்றைத்தான். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் எரிபொருள் நிறையக் குறையும். செங்கடல் பக்கம் போக முடியாமல் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கியதும், இழந்த நாளைப் பிடிக்கப் பல கப்பல்கள் வேகம் கூட்டின. புகையும் கூடியது. மெதுவாகப் போகிற, பழைய சமையல் எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலந்து எரிக்கிற கப்பல்களும் சில உண்டு. அவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் சின்னக் கப்பலையும், கொழும்பிலிருந்து கிளம்பும் பெரிய கப்பலையும் பொருத்த வேண்டும். பெட்டி துறைமுகத்தில் காத்துக் கிடக்கக் கூடாது. காற்றும் நீரோட்டமும் எதிர்க்காத வாரமாகப் பார்க்க வேண்டும். நடுவில் வேறெங்கும் இறக்கி ஏற்றாமல் நேரே ஹாம்பர்க். இதற்குக் கொடுக்கும் விலை நாட்கள். பயணம் இரண்டு வாரம் கூடும். துணி இரண்டு வாரம் முன்னதாகத் தயாராக வேண்டும்.

கல்யாணமான புதிதில் இதைச் சுபாவிடம் சொன்னேன். மற்றவர்களுக்கு இதைக் கேட்டால் கொட்டாவி வரும். அவள் கேள்வி கேட்டாள். கப்பல் மெதுவாகப் போனால் கப்பல்காரனுக்கு நஷ்டமில்லையா என்றாள். மறுநாள், எங்கள் துணியை அனுப்பிப் பார்க்கலாமே என்றாள். நான் சென்னை வேலையை விட்டுவிட்டு அவள் அப்பாவின் கம்பெனிக்கு வந்தேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை அப்படி வருவதில்லை. வந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் யாரும் உண்மையான தேதியைச் சொல்வதில்லை. துணி பின்னும் நிட்டிங்காரருக்கு ஒரு தேதி. சாயம் போடும் டையிங்காரருக்கு ஒரு தேதி. பிரிண்டிங்குக்கு வேறு. எல்லாம் சில நாட்கள் முன்தள்ளிச் சொன்னவை. கேட்பவருக்கும் அது தெரியும். மனதுக்குள் அந்த நாட்களைத் திரும்பக் கூட்டிக்கொண்டு, சரிங்க என்பார். சொன்னவருக்கும் அவர் கூட்டிக்கொள்வார் என்பது தெரியும். ஊர் அப்படித்தான் ஓடுகிறது. யாரும் இதைப் பொய்யாக நினைப்பதில்லை.

என் திட்டத்தில் அதற்கு இடமில்லை. எல்லோருக்கும் கப்பல் தேதியையே சொல்வோம் என்றேன். சுபா ஆர்டர் நோட்டை எடுத்துத் தேதிகளைப் புரட்டினாள். பிறகு சரி என்றாள். டையிங் ஆறுமுகசாமியிடம் நானே போனேன். வருடாவருடம் பழனிக்குக் காவடி எடுப்பவர். கப்பலின் பெயர், கொழும்பில் மாறும் கப்பலின் பெயர், தேதி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த முதல் ஷிப்மென்ட் சரியாகப் போயிற்று. இரண்டாவதும். மூன்றாவதும். எனக்குச் சொல்லப்பட்டது அது.

மூன்றாவது கப்பல் கடலில் இருந்தபோது சுபாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. வந்தது, போனாள். அதைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியில், நினைவு தப்புவதற்கு முன், கப்பல் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். பிறகு அவள் பேசவில்லை. ஒரு வருடமாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்தேன். சாகும்போதும் ஒருத்தி நம் வேலையைக் கேட்டாள் என்றால், அந்த வேலையைச் செய்ய வேண்டும். வேறு காரணம் எதுவும் இல்லை. ஒரு சீசன் முழுக்க யாரும் அந்த வழியைப் பற்றிப் பேசவில்லை. இந்த சீசனில் நான்தான் மறுபடி எடுத்தேன். அன்று ஏற்ற வேண்டியது அதன் முதல் கன்டெய்னர்.

அதற்காக அடுக்கியிருந்தவை போலந்துப் பெட்டிகள்.

போலந்துக்காரர் சாதாரணப் பனியன் வாங்குபவர். அவருடைய சரக்கும் ஹாம்பர்க் துறைமுகத்தில்தான் இறங்கும். ஒரு மாதம் முன்னே பின்னே வந்தாலும் கேட்க மாட்டார்.

பேக்கிங் சூப்பர்வைசர் அமராவதி டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். அவிநாசிபாளையத்திலிருந்து கம்பெனி வேனில் வருபவர். சுபா இந்தக் கட்டடத்தில் யாரையாவது திட்டினால் முதலில் இவரைத்தான் திட்டுவாள். மதியம் இவருடைய டிபன் பாக்ஸில்தான் சாப்பிடுவாள். பெட்டிகள் ஏன் மாறியிருக்கின்றன என்று அவரிடம் கேட்டேன்.

ஹாம்பர்க் துணி இன்னும் டையிங்கிலேயே இருக்கிறது என்றார். நீலம் சரியாக ஏறாமல் திரும்பச் சாயம் போடுகிறார்களாம். தினமும் பிரதீப்பிடம் கேட்டிருந்தேன். ரெடியாயிரும் மச்சான் என்று தினமும் சொல்லியிருந்தான்.

"அப்புறம் எப்படிப் போகும்?" என்றேன்.

"தெச்சு முடிச்சு ஏர்ல போகுமுங்க."

பையரின் ஆள் லோடிங் பார்க்க வருகிறாரே என்றேன்.

"அதுக்குத்தானுங்க இது. முன்னால நிக்கற வரிசைக்கு மட்டும் ஹாம்பர்க் ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. மொதல் தடவ அக்கா செஞ்சாப்லயேதானுங்." டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "அன்னைக்கு எங்களுக்கெல்லாம் டீயும் பன்னும் வாங்கிக் குடுத்துட்டு என்ன சொன்னாங்க தெரியுங்களா? எங்க ஊட்டுக்காரர்கிட்ட ஆராச்சும் வாயத் தொறந்தீங்க, பனியனுக்குப் பதிலா உங்களைய மடிச்சுப் பொட்டில போட்டு போலந்துக்கு அனுப்பிப்போடுவேன்னாங்க. நம்ம பேக்கிங் காளியாத்தா கேக்கறா, போலந்துல சோறு கெடைக்குங்களாக்கான்னு."

நான் சிரிக்கவில்லை.

அவர் டேப்பைக் கீழே வைத்தார். "உங்களுக்கு அப்பறமாச் சொல்லீருப்பாங்கன்னு நெனச்சனுங்களே."

மற்ற இரண்டு தடவையும் இப்படித்தானா என்று கேட்டேன். அவர் ஒரு பெட்டியின் மூலையை அழுத்திக்கொண்டே இருந்தார். அந்தத் துணியெல்லாம் எங்கே தைத்தது என்றேன்.

"எங்க ஊரு யூனிட்லங்க. நீங்க பாத்துரக்கூடாதுன்னு."

அவிநாசிபாளையத்தில் கம்பெனிக்கு ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. முதல் கப்பல் கிளம்பிய மாதம் சுபா தினமும் அங்கே போனாள். புது லைன் போடுகிறோம் என்றாள். தாராபுரம் ரோட்டில் தினமும் ஸ்கூட்டரில் போய்வர வேண்டாம், கார் எடுத்துக்கொள் என்றேன்.

முதல் கப்பல் கிளம்பிய அன்று நாங்கள் சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போனோம். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அதன்பிறகு தினமும் சாப்பிட்டதும் போனில் கப்பலைப் பார்ப்போம். கப்பல்களின் இடத்தைக் காட்டும் ஆப் உண்டு. நீலத்தின் மேல் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி. அவள்தான் கேட்பாள். இன்னைக்கு நம்ம பொட்டி எங்கீங்க போயிட்டிருக்குது. நான் காட்டுவேன். கொழும்பைத் தாண்டியது. மடகாஸ்கருக்குக் கீழே இறங்கியது. ஆப்பிரிக்காவின் முனையில் காற்று அதிகமாக இருந்ததால் கப்பல் கொஞ்சம் தெற்கே ஒதுங்கிப் போயிற்று. அது ஏன் என்று விளக்கினேன். ஒரு நாள், அலை அடித்தால் துணி நனைந்துவிடாதா என்று கேட்டாள். கன்டெய்னருக்குள் தண்ணீர் போகாது, ஈரம் உறிஞ்சும் பை தொங்கவிட்டிருக்கும் என்றேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

அந்தச் சட்டைகளைப் பகலெல்லாம் அவிநாசிபாளையத்தில் தைக்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறாள். அவள் சுடிதாரில் அந்த நூல்கூட ஒட்டியிருந்திருக்கும். நான் பார்த்திருப்பேன். எனக்கு ஒரு நூலும் இன்னொரு நூலும் ஒன்றுதான்.

பிரதீப் கட்டிங் மேஜை ஓரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் போனை அணைத்தான். அவனுக்கு என் மேல் பிரியம் உண்டு. கருமாதி முடிந்தும் பல நாட்கள் என் அறையில் தரையில் படுத்துக்கொண்டவன் அவன்.

அவன் எதையும் மறைக்கவில்லை. மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. முதல் தடவை ஆறுமுகசாமி ஒரு வாரம் தாமதித்துவிட்டார். அதற்குள் தையல் லைனில் வேறு ஆர்டர் ஏறிவிட்டது. எல்லாம் சேர்ந்து ஒரு மாதம். வேகமான கப்பலுக்கும் நேரமில்லை. சுபா போய் ஆறுமுகசாமியிடம் சண்டை போட்டாளாம். அவர் திகைத்துப்போனாராம்.

"மாப்ள கப்பல் பேரெல்லாம் சொன்னாருங்களே, இத்தன வெவரமாச் சொல்றாருன்னா நெறைய நாளு இருக்கும்னு நெனச்சுட்டனேன்னாருங்க," என்றான் பிரதீப். அவனுக்கே அதைச் சொல்லும்போது வாயோரம் கோணியது. "தேதிய மட்டும் சொல்லீருந்தா நாலு நாளுதான் கூட்டீருப்பாராமா. பேரோட சொன்னங்காட்டி ஒரு வாரம்."

ஒரு உண்மையான தேதியை இந்த ஊருக்குள் கொண்டுவந்து வைத்தேன். அது மற்றவற்றைவிடப் பெரிய பொய்யாகத் தெரிந்திருக்கிறது.

மூன்று தடவையும் சுபா கன்டெய்னரைப் போலந்துப் பனியனால் நிரப்பி அனுப்பினாள். அதனால் கப்பலில் எங்கள் கம்பெனியின் பெட்டி ஒன்று நிஜமாகவே இருந்தது. என் மேஜைக்கு வந்த கன்டெய்னர் எண்ணும் சரியானது. ஹாம்பர்க் துணி பிறகு விமானத்தில் போய், அங்கே ஏஜென்டின் கிடங்கில் கிடந்து, கப்பல் வந்த வாரம் லாரியில் பையருக்குப் போயிற்று. எல்லாச் செலவும் மாமனாருடையது.

யாருக்கெல்லாம் தெரியும் என்றேன். அப்பாவுக்கு. அம்மாவுக்கு. பேக்கிங்கில் எல்லோருக்கும். வேன் டிரைவருக்கு. ஆறுமுகசாமிக்கு. கருமாதி அன்று ஆறுமுகசாமி என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கப்பல் வழி ஒன்று போதும், அந்தப் பிள்ளையின் பெயர் சொல்ல, என்றார். அவரைச் சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அத்தனை பேரும் தெரிந்தே ஆட்டியிருக்கிறார்கள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அக்கா சொல்லோணும்னுதான் இருந்துச்சுங்க மச்சான். நீங்க அன்னைக்கே கோயலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்க. சாமி முன்னால நிக்கவெச்சுட்டாருடா, இனி எப்படிடா சொல்றதுன்னுச்சு." தரையைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தான். "அப்பறம் நாங்கேட்டதுக்கு, எல்லாருக்கும் சொல்ற தேதி ஒண்ணு, நெசத் தேதி ஒண்ணு வெச்சிருக்கறமல்லடா, அவருக்கும் அப்படி ஒண்ணுன்னு வெச்சுக்கன்னுச்சு."

நிட்டிங்காரருக்கு ஒன்று. டையிங்காரருக்கு ஒன்று. புருஷனுக்கு ஒன்று.

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு வருடமாக எதுவும் வருவதில்லை. சோறு இறங்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். ஆனால் அங்கே நின்றபோது ஒன்று புரிந்தது. உயிரோடிருப்பவள் இப்படிச் செய்திருந்தால் வீட்டுக்குப் போய்க் கத்தலாம். இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். அவள் அழுவாள், அல்லது என்னைத் திருப்பிக் கேட்பாள். உங்கள் கப்பல் பைத்தியத்துக்கு நான் வேறு என்ன செய்வது என்பாள். பிறகு ஏதோ ஒரு நாள் இரண்டு பேரும் சிரித்திருப்போம். அதில் எதுவும் எனக்கு இல்லை. அவளுடைய பங்கை அவள் முடித்துவிட்டுப் போய்விட்டாள்.

மாமனார் பொங்கியண்ணன் ஆபீஸ் அறையில் இருந்தார். வெள்ளைச் சட்டை புதிதாக இருந்தது. பையரின் ஆள் வருவதற்காகப் போட்டது. நான் உட்காரவில்லை. லோடிங்கில் போய் நிற்க முடியாது என்றேன். நின்றால் இருப்பதைச் சொல்லிவிடுவேன் என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. யாரோ அதற்குள் சொல்லியிருந்தார்கள். முதலில் தொழிலைப் பற்றிப் பேசினார். இந்தப் பையர் போனால் ஒரு யூனிட்டை மூட வேண்டியிருக்கும் என்றார். தேதி பொய்யாய்ப் போனது நம் ஒருவரால் இல்லை, ஊரே அப்படி என்றார். பிறகு அதையெல்லாம் விட்டுவிட்டார்.

"மாப்ளெ, அந்தக் கம்பெனி போனாப் போகுதுங்க. நான் பனியன் வித்துப் பொழச்சவன், மறுக்காவும் பொழச்சுக்குவேன். எம்புள்ள பேர ஒரு ஊர்ல எழுதறேன்னு சொல்றாங்க. அவளுக்குன்னு வேற என்ன இருக்குதுங்க? ஒரு கொழந்தகூட இல்லீங்களே."

அது என்னிடம் சொல்ல வேண்டிய விஷயமில்லை. சொன்னார்.

"அவ உங்களுக்கோசரம் பொய் சொன்னா. சாகற வரைக்கும் அதைய ஒத்தையில சொமந்தா. நீங்க அவளுக்கோசரம் ஒண்ணு சொல்லக்கூடாதுங்களா?"

"ஒத்தையில இல்லீங் மாமா," என்றேன். "நீங்க எல்லாரும் இருந்தீங்க. நாந்தான் ஒத்தையில இருந்தேன்."

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிரதீப் அவசரமாகப் படியிறங்கினான்.

அனகாவுக்கு என் வயதுதான் இருக்கும். கன்னடம் கலந்த ஆங்கிலம். வந்ததும் சுபாவின் மறைவுக்கு வருத்தம் சொன்னார். அவளோடு போனில் நிறையப் பேசியிருக்கிறாராம். கடல் வழியைப் பற்றி இவ்வளவு விவரமாகப் பேசும் எக்ஸ்போர்ட்டரைத் தான் பார்த்ததில்லை என்றார். எல்லாம் என் கணவர் சொல்லிக் கொடுத்தது என்று அவள் சொல்லுவாளாம்.

கன்டெய்னர் லாரி பின்பக்கமாக வந்து லோடிங் மேடையோடு ஒட்டி நின்றது. கதவு திறந்திருந்தது. பீகார்ப் பையன்கள் பெட்டி தள்ளும் ரோலர் போட்டுக்கொண்டிருந்தார்கள். அமராவதி சுவரோரம் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. மாமனார் படியின் மேல் நின்றார். அனகா முன்வரிசைப் பெட்டி ஒன்றின் மேல் கை வைத்தார். ஹாம்பர்க் ஸ்டிக்கர் மேலே பளபளவென்று இருந்தது. போனை எடுத்து வீடியோவுக்குத் திருப்பினார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். இது எந்த வழியில் போகிறது, இதை யார் யோசித்தார்கள் என்று இரண்டு வரி சொன்னால் போதும்.

நின்றேன். சொல்ல வேண்டிய வரிகள் எனக்கு மனப்பாடம். தூத்துக்குடி, கொழும்பு, ஆப்பிரிக்காவின் முனை, ஹாம்பர்க். ஒரு வருடமாக அவற்றைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பெட்டிகள் உங்களுடையவை அல்ல என்றேன். இவை போலந்துக்குப் போகிற பனியன்கள். உங்கள் துணி இன்னும் சாயப்பட்டறையில் இருக்கிறது. தைத்து முடித்து விமானத்தில் வரும்.

அனகா போனை உடனே இறக்கவில்லை. கொஞ்ச நேரம் அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு இறக்கினார். பிரதீப் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அனகா கையைக் காட்டி நிறுத்தினார். பீகார்ப் பையன்களுக்கு ஆங்கிலம் புரியவில்லை. அவர்கள் ரோலரைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

முன்னால் போன மூன்றும் இப்படித்தானா என்று அனகா கேட்டார். குரலை உயர்த்தவில்லை. விடை அவருக்கே தெரிந்ததுபோலவும், நான் இல்லை என்று சொல்ல வேண்டும் என்பதுபோலவும் கேட்டார்.

நான் மாமனாரைப் பார்க்கவில்லை. அவர் அசையவில்லை என்பது மட்டும் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் சுபா செய்தது இன்னும் ஒருவருக்குத் தெரியும். அவர் பெங்களூர் போய் இன்னும் பத்துப் பேரிடம் சொல்வார். ஊருக்கெல்லாம் தெரிந்த ஒன்றை நான் கடைசியாகத் தெரிந்துகொண்டது போதும். ஆப்பிரிக்காவின் முனையில் காற்று எப்படி என்று நான் சொல்ல, அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டதை, தெரியாத மனிதர்கள் ஒரு மீட்டிங்கில் பேச வேண்டாம்.

"இல்லை," என்றேன். "அவை கப்பலில்தான் போயின. என் மனைவி இருந்தவரை எல்லாம் சரியாகப் போயிற்று."

அவர் நம்பினார். நம்ப விரும்பினார் என்றும் நினைக்கிறேன். முகம் தளர்ந்தது. இந்த மாதிரித் திட்டங்கள் ஒரு ஆளை நம்பித்தான் நிற்கின்றன, அந்த ஆள் போனால் விழுந்துவிடுகின்றன, இதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன் என்றார். முந்தைய மூன்று ஷிப்மென்ட்டுக்கும் சுபஸ்ரீயின் பெயர் அறிக்கையில் இருக்கும். இந்த சீசனுக்கு, வழி தொடரப்படவில்லை என்று எழுதியாக வேண்டும். அதைத் தவிர்க்க முடியாது. இனி வேறு யாராவது பொறுப்பெடுப்பது நல்லது. உங்களைக் குறை சொல்லவில்லை, என்றார். இப்படி ஒரு இழப்புக்குப் பிறகு யாராலும் முடியாது. நீங்கள் உண்மையைச் சொன்னதை மதிக்கிறேன், என்றார்.

நன்றி என்றேன்.

சாப்பிட அழைத்தார்கள். அவர் நிற்கவில்லை. கோயம்புத்தூரில் வேறு ஒரு கம்பெனிக்குப் போக வேண்டும் என்றார். கார் கேட்டைத் தாண்டியது.

ஆக இப்படி முடிந்தது. சுபா செய்தாள், நான் கெடுத்தேன். ஹாம்பர்க்கில் அப்படித்தான் எழுதுவார்கள். போடாத வழிக்கு அவள் பெயர். போட்டவனுக்கு அனுதாபம். படிக்கிறவர்கள் அதைச் சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை. நானே என் வாயால் சொன்னது.

லோடிங் பையன் ஒருவன் ஏற்றலாமா என்று இந்தியில் கேட்டான். பிரதீப் என்னைப் பார்த்தான். கப்பலில் இடம் பிடித்தாயிற்று, வெறும் கன்டெய்னர் போகக் கூடாது என்றேன். ஏற்ற ஆரம்பித்தார்கள். அமராவதி முன்வரிசைப் பெட்டிகளிலிருந்து ஸ்டிக்கரைக் கிழித்தார். சில ஒட்டிக்கொண்டு வரவில்லை. நகத்தால் சுரண்டினார்.

மாமனார் படியிறங்கி வந்தார். மெதுவாக வந்தார். என் முன்னால் நின்று என் வலது கையை அவருடைய இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். சுடுகாட்டில்கூட அவர் என்னைத் தொட்டதில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. கை சூடாக இருந்தது.

"எம்புள்ளயக் காப்பாத்திட்டீங்க மாப்ளெ," என்றார்.

"கைய விடுங்க மாமா," என்றேன்.

அவர் விடவில்லை.